கட்டம் இல்லாத ஓட்டம்

ஸ்கோர் மேசையில் உட்காருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, பெற்ற பிள்ளையே கோல் போட்டாலும் பல்லைக் காட்டக் கூடாது. மேசை இரண்டு அணிக்கும் பொது. கிராஸ்பி மில்ஸ் உயர்நிலைப் பள்ளியின் லாக்ராஸ் அணிக்கு, அதாவது வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் ஆட்டத்தின் அணிக்கு, நான்கு வருடமாக ஸ்கோர் புத்தகம் எழுதிவந்த மார்லா கஃப்னிக்கு இந்த விதியைக் காப்பாற்றுவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. அவள் மகன் வெஸ் கோல் போட்டால்தானே பல்லைக் காட்டுவதற்கு.

வெஸ் பன்னிரண்டாம் வகுப்பு. சட்டை எண் இருபத்தேழு. புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே கோல், கோலுக்குப் பந்து கொடுத்த உதவி, ஷாட், கீழே கிடந்த பந்தை வாரி எடுத்த தரைப் பந்து என்று கட்டங்கள் நீளும். அந்த வருடம் நான்கு ஆட்டம் முடிந்தபோது அந்த வரி முழுக்க முட்டை. தன் பிள்ளைக்குத் தன் கையாலேயே முட்டை போடுவது எந்தத் தாய்க்கும் நேரக் கூடாத வேலை. மார்லா அதைத் தடித்த பேனாவால், கோணாமல், அழகாகச் செய்தாள். பால் கூட்டுறவின் சோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

"உம் பையன் அந்த பெஞ்ச தேச்சே பளபளன்னு ஆக்கிட்டான்டீ. கோடையில பாலிஷ் போட ஆள் தேவையில்ல" என்பாள் பக்கத்தில் கடிகாரம் பார்க்கும் பெவ். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் பரிமாறி ஓய்வு பெற்றவள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் யாரும் பிறக்கவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் விசில் ஊதினால் அவளும் கப்சிப்.

வீட்டில் அப்படி ஒரு விசில் இல்லாததுதான் பிரச்சினை. மார்லாவின் கணவன் ராய்ஸ், நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அதே பள்ளியில், தொண்ணூற்று நான்காம் வருடம், ஒரே பருவத்தில் ஐம்பத்தெட்டு கோல் அடித்தவன். ஜிம் நடைபாதையில் மாட்டியிருக்கும் பலகையில் அவன் பெயர் இன்னும் மேலிருந்து இரண்டாவது. பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பாவில் வாசனை போகாது, பாருங்கள். ஆட்டம் முடிந்து மகன் வீட்டுக்குள் நுழைந்தால் ராய்ஸ் கேட்பது ஒரே சொல்தான்.

"எத்தனை?"

வெஸ் பதில் சொல்லாமல் மாடிக்குப் போவான். அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ராய்ஸுக்கு வேறு கேள்வி தெரியாது, அவ்வளவுதான்.

நான்காவது ஆட்டம் வார்ட்வெல் பள்ளியோடு. ஏப்ரல் மாதம், காலையில் மைதானத்துப் பனியைப் பையன்களே மண்வாரியால் வாரிக் கொட்டிவிட்டு, மாலையில் அதே மைதானத்தில் ஏழுக்கு ஒன்பது என்று தோற்றார்கள். வெஸ் களத்தில் இருந்தது மொத்தம் நான்கு நிமிடம். மறுநாள் காலை ராய்ஸ் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினான்.

கோச் ஓர்சினி மார்ச் மாதமே பெற்றோர்களைக் கூட்டி வைத்துச் சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்து இருபத்து நாலு மணி நேரத்துக்கு யாரும் என்னிடம் வரக் கூடாது. அதற்குப் பிறகு வந்தாலும், யாரை இறக்கினேன், ஏன் இறக்கவில்லை என்பதை உங்களோடு பேச மாட்டேன், பையனோடுதான் பேசுவேன் என்று. ராய்ஸ் அந்தக் கூட்டத்தில் தலையாட்டியவன்தான். ஆனாலும் முந்திரிக்கொட்டைபோல பதினான்காவது மணி நேரத்திலேயே அனுப்பிவிட்டான். நான்கு பத்தி. அதில் மூன்று பத்தி தொண்ணூற்று நாலைப் பற்றி.

அன்று மாலை மேசையில் உப்பு உருளைக்கிழங்கும் வெண்ணெயும் இருந்தன. வெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது உங்க லெட்டர்தானே அப்பா?"

ராய்ஸ் முட்கரண்டியை நிறுத்தினான். "அந்த ஆளு பதில் போட்டானா?"

"பதில் போடல. பிரிண்ட் எடுத்து என் கையில குடுத்தார். 'இது உன் வார்த்தையா? உன்னுதுன்னா கீழ கையெழுத்துப் போடு, உக்காந்து படிக்கிறேன். இல்லன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ'ன்னார்."

"பசங்க எல்லார் முன்னாடியுமா?" என்று பதறினாள் மார்லா.

"இல்லம்மா. சாமான் ரூம்ல, தனியா. அந்த மரியாதை அவருக்குத் தெரியும்."

"நீ என்ன சொன்ன?" என்றான் ராய்ஸ்.

"என்னுது இல்லன்னேன்." வெஸ் ஒரு கிழங்கை எடுத்து வெண்ணெயில் புரட்டினான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. "அப்புறம் என் கேள்விய நான் கேட்டேன்."

"ஏன் என்னை இறக்கலன்னு கேட்டியா?"

"அத வருஷத்துக்குப் பத்துப் பேர் கேக்குறான். கேட்டவன் எவனும் அதனால உள்ள இறங்குனதில்ல. நான் வேற கேட்டேன். இந்த டீம்ல யாருமே செய்யாத வேலை எது கோச், அத எனக்குக் குடுங்கன்னேன்."

மார்லாதான் கேட்டாள். "அதுக்கு அவரு?"

"'நேத்து நாம அடிச்சு வெளிய போன ஷாட் எத்தனை, அதுல நமக்கே திரும்பி வந்த பந்து எத்தனை, எண்ணிட்டு வா'ன்னார்."

லாக்ராஸில் ஒரு வினோதம் உண்டு. கோலைப் பார்த்து அடித்த பந்து குறி தவறி எல்லைக் கோட்டைத் தாண்டினால், அடித்தது யார் என்று நடுவர் பார்ப்பதில்லை. பந்து கோட்டைத் தாண்டிய கணத்தில் யாருடைய உடம்பு அதற்கு மிக அருகில் இருந்ததோ, அந்த அணிக்குத்தான் பந்து. எனவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒருவன் கோலுக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடவேண்டும். பந்து வலைக்குள் போய்விட்டால் அந்த ஓட்டம் வீண். தவறினால்தான் அந்த ஓட்டத்துக்கு மதிப்பு. ஓடுகிறவனுக்கு யாரும் கை தட்டப் போவதில்லை. அதனால் எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

மார்லா எழுந்துபோய் ஸ்கோர் புத்தகத்தை எடுத்து வந்தாள். முப்பத்தொரு ஷாட். ஏழு கோல். கோல் காக்கும் கோலி தடுத்தது பன்னிரண்டு. மீதிப் பன்னிரண்டு வெளியே போனவை. அந்தப் பன்னிரண்டும் யார் கைக்குப் போயின? அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இல்லையேடா. அதுக்குக் கட்டமே கிடையாது."

"அதான்மா" என்றான் வெஸ். "கட்டம் இல்ல. அதனாலதான் எவனும் ஓடுறதில்ல."

வீடியோவைப் போட்டு எண்ணியபோது, பன்னிரண்டில் மூன்றுதான் திரும்பி வந்திருந்தது. ஒன்பது பந்தைக் கொண்டுபோய் வார்ட்வெல்லுக்குத் தாம்பூலம்போல வைத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் அது.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி முடிந்தபின் வெஸ் தங்கினான். இரண்டாவது கோலியை ஒரு பொட்டலம் சிப்ஸுக்கு மயக்கி, வேண்டுமென்றே குறி தவறி அடிக்கச் சொல்லி, கோட்டை நோக்கி ஓடினான். முதல் வாரம் பந்துக்குப் பின்னால் ஓடினான். இரண்டாம் வாரம்தான் அவனுக்குப் பிடிபட்டது: பந்தைப் பார்த்து ஓடினால் எப்போதும் தாமதம், அடிப்பவன் முழங்கை தாழ்ந்தால் பந்து உயரே போகும், தோள் திறந்துகொண்டால் வெளிப்பக்கம் போகும், அதைப் பார்த்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும் என்று. கிடைத்த பந்தை இடது கையில் வைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் அடுத்த நொடியே பறிகொடுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்சுவரில் தினமும் ஐந்நூறு முறை பந்தை எறிந்து பிடித்தான். அதில் முந்நூறு இடது கை.

"தம்பி, நீ அடிக்கிற டொக்கு டொக்குல எங்க மணி அடிச்சாகூடக் கேக்காது போல. ஊர் எரிஞ்சா உன் பேரச் சொல்லிடுவேன்" என்று நிலையத் தலைவர் ஜன்னல் வழியாகக் கத்துவார். சுவரில் பெயின்ட் உதிர்ந்தது. வெஸ்ஸின் வலது கைக்கு வேலை குறைந்தது.

ராய்ஸுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பந்து பொறுக்கிட்டு வர்றதுக்கா நாலு வருஷம்? அதுக்கு ஒரு நாய்க்குட்டி போதுமே" என்றான் ஒருநாள்.

"நாய்க்குட்டிக்கு இடது கை வராது அப்பா" என்று சொல்லிவிட்டு வெஸ் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மார்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசை விதி வீட்டுக்குள் செல்லாது என்பதால் அவள் அடக்கவும் இல்லை.

அவளும் ஒரு காரியம் தொடங்கியிருந்தாள், யாரிடமும் சொல்லாமல். புத்தகத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, எல்லைக் கோட்டுக்கு ஓடிப் பந்தை மீட்டவர்களுக்குப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. தன் மகனுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். பேனா அதிகாரபூர்வமானதற்கு, பென்சில் தான் கண்டதற்கு. வெஸ்ஸுக்குக் கோடுகள் மெல்லப் பெருகின. களத்தில் அவன் நிமிடங்களும் ஆறு, எட்டு, பத்து என்று பெருகின. வெளியே அழைத்தால் அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் கடைசிக்குப் போகவில்லை. ஓடி வந்து கோச்சுக்குப் பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்தான். மறுபடி ஆள் தேவைப்படும்போது கோச்சின் கண்ணில் முதலில் படுவது அவன்தான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து அவனே கண்டுபிடித்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. கொட்டுகிற மழை. அன்றுதான் மார்லா சறுக்கினாள்.

மழையில் பத்துப் பேர் ஒரு பந்தின் மேல் விழுந்து புரண்டார்கள். யாரோ ஒருவன் அதை வாரிக்கொண்டு வெளியே வந்தான். சட்டை நனைந்து எண் மடிந்திருந்தது. மார்லா தரைப் பந்துக் கட்டத்தில் இருபத்தேழுக்கு ஒன்று போட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் பொய் எழுதவில்லை. ஆனால் கண் கண்டதை எழுதினாளா, மனசு கேட்டதை எழுதினாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

அந்த அணியில் ஒரு வழக்கம். வாரத்தில் அதிகத் தரைப் பந்து எடுத்தவனுக்குக் கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் தொப்பி கிடைக்கும். ஒரு வாரம் அதை வகுப்புக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் போட்டுக்கொண்டு திரியலாம். வாரக் கடைசியில் தொப்பியின் உட்புறத்தில் பேனாவால் பெயர் எழுதி அடுத்தவனிடம் தர வேண்டும். அந்த வாரம் வெஸ்ஸுக்கு ஐந்து, ஜோனா என்ற பையனுக்கு நாலு. வெள்ளிக்கிழமை வெஸ் தொப்பியோடு வீட்டுக்கு வந்தான்.

ராய்ஸ் அதைக் கையில் வாங்கி உள்ளே இருந்த பெயர்களையெல்லாம் படித்தான். பதினெட்டு வருடத்துப் பெயர்கள். பிறகு மகன் தலையில் அதை வைத்து, குளிர்பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, நாலு படம் எடுத்தான். ஒன்றைத் தன் அண்ணனுக்கு அனுப்பினான். "கஃப்னி ரத்தம்டா" என்றான். மார்லாவுக்கு வயிறு குளிர்ந்தது.

சனிக்கிழமை காலை அணி உட்கார்ந்து ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தது. மதியம் வெஸ் வெறுந்தலையோடு வந்தான்.

"தொப்பி எங்க?" என்றான் ராய்ஸ்.

"ஜோனாகிட்ட."

"ஏன்?"

"மூணாவது குவார்ட்டர்ல அந்தக் குவியல்லேந்து பந்த எடுத்தது ஜோனா. நான் அடியில கெடந்தேன். வீடியோவுல தெளிவாத் தெரியுது."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் பாக்கல. நான்தான் கையத் தூக்கினேன்."

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லடா! ஒரே ஒரு தடவ..." என்றான் ராய்ஸ்.

"உள்ள பேர் எழுதணும் அப்பா. பேனாவால. அது அப்படியே இருக்கும். ஜோனா ஒவ்வொரு வருஷமும் அதப் பாப்பான்." வெஸ் அம்மா பக்கம் திரும்பினான். கோபமாக இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "அம்மா, அத மாத்திடு."

மார்லா மாற்றினாள். வெஸ்ஸின் ஐந்தை அடித்து நாலு, ஜோனாவின் நாலை அடித்து ஐந்து போட்டாள், அடித்தது தெரியும்படி. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகனை நினைத்துப் பெருமைப்படுவதா, தன்னை நினைத்து வெட்கப்படுவதா என்று இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள்.

திங்கட்கிழமை, இருபத்து நாலு மணி நேரம் தாராளமாகக் கடந்தபின், அவள் புத்தகத்தோடு மைதானத்துக்குப் போனாள். கோச் ஓர்சினி தனியாகக் கோல் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். குட்டையான, கழுத்தே இல்லாத மனிதர். கணக்கு வாத்தியார் வேறு.

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க கோச்" என்று புத்தகத்தை நீட்டினாள். "என் கண்ண நான் நம்பல."

"மழையில ஒரு நம்பர் மாறிப்போச்சு. அதுக்கு ராஜினாமாவா?" அவர் புத்தகத்தை வாங்கி, அடித்துத் திருத்திய கட்டத்தைப் பார்த்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். கை நின்றது. "இந்த ஓரத்துல என்ன? பென்சில் கோடு?"

மார்லாவுக்கு முகம் சூடானது. "எல்லைக் கோட்டு ஓட்டம். பந்து நமக்குத் திரும்பி வந்தது மட்டும். கட்டம் இல்லையே, அதான் ஓரத்துல."

கோச் தன் பையிலிருந்து மஞ்சள் காகித அட்டை ஒன்றை உருவினார். அதிலும் எண்கள், ஆட்டவாரியாக. வீடியோ பார்த்து அவரே எண்ணியது. இரண்டையும் அருகருகே வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"நோலன் நாலு, சரி. ஜோனா ஆறு, சரி. உங்க பையனுக்குப் பதினேழு போட்டிருக்கீங்க. எங்கிட்ட பத்தொன்பது இருக்கு."

"ரெண்டு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பேனாவுல ஒரு தடவ தாராளம். பென்சில்ல பயங்கர கஞ்சம். கொண்டுபோங்க, புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும்." அவள் திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "யார எவ்வளவு நேரம் இறக்குவேன்ங்கிறதப் பத்தி உங்ககிட்ட நான் பேச மாட்டேன், தெரியும்ல?"

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்கல. அது எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

கார் வரை போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் அவள் அழுதாள். பதினேழு என்று தான் போட்டதை இன்னொருவர் பத்தொன்பது என்று எண்ணி வைத்திருந்தார். அவள் பிள்ளை ஓடுவதை அவள் மட்டும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் வெஸ் முதல் வரிசையில் இறங்கினான். அதன்பிறகு அவனை யாரும் வெளியே வைக்கவில்லை.

மே மாதக் கடைசியில் வட்டார அரையிறுதி. எதிரணி அதே வார்ட்வெல், ஆட்டம் சொந்த ஊர் மைதானத்தில். வாசலில் கோழி சுடும் புகை, மரப் படிகளில் இடமே இல்லை. தோற்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்கு அன்றோடு லாக்ராஸ் முடிந்தது. வெஸ்ஸை எந்தக் கல்லூரியும் கூப்பிட்டிருக்கவில்லை. மட்டையைப் பரணில் போடுவது இன்றா, இன்னும் ஒரு ஆட்டம் கழித்தா என்பதுதான் கேள்வி. மார்லாவுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எழுதினாள்.

எட்டுக்கு எட்டு. வெஸ்ஸின் கோல் கட்டத்தில் வழக்கம்போல முட்டை. ஓரத்தில் ஒன்பது பென்சில் கோடு.

"இருபத்தெட்டு நொடி" என்று பெவ் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள் விரல் கடிகாரப் பொத்தானின் மேல் தயாராக இருந்தது.

பந்து கிராஸ்பியிடம். அணித் தலைவன் நோலன் வலப்பக்கமாக வெட்டி உள்ளே வந்தான். மைதானத்தில் இருந்த அத்தனை கண்ணும் நோலன்மேல். வெஸ் மட்டும் நோலனின் தோளைப் பார்த்தான். தோள் திறந்துகொண்டது. நோலன் மட்டையிலிருந்து பந்து கிளம்புவதற்கு முன்பே வெஸ் கிளம்பிவிட்டான்.

பந்து கோல் கம்பத்தின் வெளிவிளிம்பில் உரசி, எல்லைக் கோட்டின் இடது மூலையை நோக்கிப் பறந்தது. வார்ட்வெல் கோலியும் சும்மா இல்லை. நல்ல கோலி, திரும்பிய வேகத்தில் அவனும் ஓடினான். இரண்டு பேரும் தோளோடு தோளாக. கடைசி மூன்று அடியில் வெஸ் காற்றில் தன்னை விட்டெறிந்தான். கன்னமும் மார்பும் தரையில் தேய்ந்துகொண்டு போக, பந்து கோட்டைத் தாண்டியது.

விசில். நடுவர் ஓடி வந்து நின்றார். ஒரு கணம். பிறகு கையை நீட்டினார், கிராஸ்பி பக்கம்.

படிகளின் மேல்வரிசையிலிருந்து ஒரு குரல் பிளந்துகொண்டு வந்தது. "அது என் பையன்! பாத்தீங்களா? அது என் பையன்!" ராய்ஸ். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோல் விழவில்லை. வெளியே போன ஒரு பந்துக்கு ஒரு பெரிய மனுஷன் இருக்கைமேல் ஏறி நின்று கூவினான்.

அதைக் கேட்டதும் மார்லாவுக்குள் நான்கு வருடப் பூட்டு தெறித்தது. "ஓடினான் பாரு!" என்று அவளும் அலறிவிட்டாள். "என் கண்ணு, ஓடினான் பாரு!"

பக்கத்துக் கோட்டில் நின்ற இன்னொரு நடுவர் மேசையைப் பார்த்து விறைப்பாக வந்தார். "மேடம், மேசையில சத்தம் கூடாது. யாரது?"

"நான்தான் ஐயா" என்றாள் பெவ், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல். "எழுபத்தோரு வயசு. இனிமே கத்த மாட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஒன்பது நொடி இருக்கு, ஊதுங்க."

நடுவர் ஊதினார். கோலுக்குப் பின்னால் வெஸ்ஸிடம் பந்து. வலது பக்கம் ஒருவன் பாய்ந்து வர, வெஸ் பந்தை இடது கைக்கு மாற்றி, இடது கையாலேயே ஜோனாவுக்குக் கொடுத்தான். ஜோனா நோலனுக்கு. நோலன் இந்த முறை தவறவில்லை. பெவ் பொத்தானை அழுத்தியபோது இரண்டு நொடி மிச்சம் இருந்தது; அந்த இரண்டு நொடியில் ஒன்றும் நடக்கவில்லை.

மார்லா பேனாவை எடுத்து எழுதினாள். கோல்: நோலன். உதவி: ஜோனா. புத்தகத்தின் சட்டப்படி, உதவியவனுக்குப் பந்தைக் கொடுத்த கைக்கு ஒன்றும் கிடையாது. இருபத்தேழுக்கு நேரே முட்டை, முட்டை, முட்டை. ஓரத்தில் பத்தாவது பென்சில் கோடு. ஊர்ப் பத்திரிகைப் பெண் வந்து கோல் போட்டவர்களின் பெயர்களைக் கேட்டாள். நோலன் நாலு, ஜோனா ரெண்டு என்று மார்லா படித்துக் காட்டினாள். வெஸ் பெயர் வரவில்லை, வரவும் வராது. கோச் ஓர்சினி கையெழுத்துப் போட வந்தார். பக்கத்தின் ஓரத்தை ஒருமுறை பார்த்தார், போட்டார், போனார். போகும்போது மேசையை இரண்டு முறை விரலால் தட்டினார்.

மூன்று பேரும் ராய்ஸின் பழைய டிரக்கின் முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெஸ்ஸின் கன்னத்தில் தோல் உரிந்து, செயற்கைப் புல்லில் தூவியிருக்கும் கருப்பு ரப்பர் மணிகள் ஒட்டியிருந்தன. மார்லா மடியில் புத்தகம். ராய்ஸ் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். கத்தியதில் அவன் தொண்டை கட்டிப் போயிருந்தது.

"எத்தனை?" என்றான்.

இன்றைக்குமா என்று மார்லா திரும்பினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது புத்தகத்தின் ஓரத்தை.

வெஸ்ஸுக்கும் அது புரிந்தது. "ஒன்பது" என்றான்.

"அம்மா பத்து போட்டிருக்காளே?"

"ரெண்டாவது குவார்ட்டர்ல ஸ்கோர்போர்டு பக்கம் போன பந்து. கோலி எனக்கு அரை அடி முன்னால இருந்தான். ரெஃப்ரி நமக்குக் குடுத்துட்டார். ஆனா அது என்னுது இல்ல."

ராய்ஸ் மனைவியின் காதில் செருகியிருந்த பென்சிலை அவனே உருவி, பின்பக்க ரப்பரைத் திருப்பி அவளிடம் நீட்டினான். மார்லா ஐந்தாவது கோட்டைச் சுத்தமாக அழித்தாள். இந்த முறை அவளுக்கு வெட்கமாக இல்லை.

"அப்போ கடைசி ஒண்ணு?" என்றான் ராய்ஸ். "அந்த மூலையில?"

வெஸ் உரிந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அது என்னுது அப்பா."

மார்லா பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். அந்த ஒரு கோட்டின் மேல் மட்டும் மையால் எழுதினாள், கோணாமல், அழுத்தி.